பெரியாளைப் பொறுக்காதவர்

ரூபன் சுட்ட முதல் மரை ஒரு கொம்பன். நோர்வேக்காரர் எல்க் என்று சொல்லும் விலங்கை எங்கள் ஆட்கள் மரை என்றே சொல்வார்கள். அது விழுந்த இடத்தில் பாசி கறுப்பாக நனைந்திருந்தது. சிறி அதன் கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிட்டிருந்தார். ரூபன் கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டு, ஒரு காலைத் தூக்கி விலங்கின் விலாவில் வைத்து நின்றான். நான் படம் எடுக்குமுன், இந்தக் கதையில் ‘அவர்’ என்று மட்டும் வருபவர் பற்றைகளை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மரையைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இதென்ன, ஆட்டுக்குட்டியே? இதுக்கோ ரேடியோவிலை அவ்வளவு கத்தினனீ?”

ரூபன் சிரித்தான். பகிடி என்று நினைத்தான். காலை எடுக்கவில்லை. அவர் குனிந்து, அறுத்த கழுத்துக்குள் கையை விட்டெடுத்து, அந்தக் கையாலேயே அவன் முகத்தில் அறைந்தார். ரூபன் பின்னால் சரிந்து மரையின் மேலேயே இருந்துவிட்டான். அவன் கன்னத்தில் மூன்று விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவருடைய வலக்கையில் மூன்றுதான் இருந்தன.

“எழும்பு. எழும்பிக் குடலை எடு. நாறட்டும் கை.”

சுட்டவன்தான் குடல் எடுக்கவேண்டும். அது எங்கள் குழுவின் வழக்கம். ரூபன் முகத்தைக் கழுவாமலே கத்தியை எடுத்தான்.

நாங்கள் ஏழு பேர். எல்லோரும் ஒஸ்லோவில் வசிக்கும் தமிழர். வேட்டை நகரத்துக்குக் கிழக்கே உள்ள காட்டில். சிறி பஸ் ஓட்டுபவர், எங்களில் வயதில் மூத்தவர். ஜெயம் மட்டக்களப்பார், முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. ரூபன் இங்கேயே பிறந்து வளர்ந்த பொறியியலாளன். நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்தவன். துவக்குப் பிடிப்பதில்லை, விரட்டுகிற வேலை மட்டும். இன்னும் இரண்டு பேர், அதிகம் பேசாதவர்கள். ஏழாவது ஆள் அவர். குழுவைத் தொடங்கியவர் என்று எழுதினால் சண்டைக்கு வருவார். ‘அவர்’ என்று எழுதுவதற்கும் வருவார்.

குழுவுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். அண்ணை இல்லை, தம்பி இல்லை, ஐயா இல்லை. “அண்ணை எண்டு ஒருத்தனைக் கூப்பிட்டா, தம்பி எண்டு ஒருத்தன் கீழை நிக்கவேணும்” என்பார். நோர்வேயில் அவருக்குப் பிடித்த ஒரே விஷயம், பிரதமரையும் குப்பை அள்ளுபவரையும் ஒரே சொல்லால் அழைக்கலாம் என்பது. இந்த விதியால் அதிகம் அடிபட்டவர் ஜெயம். மட்டக்களப்பில் கடைக்காரரிலிருந்து கண்டக்டர்வரை எல்லோரையும், மகனே என்பதைச் சுருக்கி, ‘மனே’ என்று சொல்லிப் பழகிய வாய் அவருடையது. ஒவ்வொரு ‘மனே’க்கும் பிடரியில் ஒரு தட்டு. முதல் வருடங்களில் நாங்கள் இதற்குச் சிரித்தோம். ஜெயமும் சிரித்தார். தட்டு பிறகு அடியாகியது. எப்போது என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

நகர நூலகத்திலிருந்து அவர் எடுத்துவரும் புத்தகங்கள் எல்லாம் மண்ணுக்குள்ளிருந்து கிளறி எடுத்த ஊர்களைப் பற்றியவை. அரசர்கள் அவருக்கு வேண்டாம். அரசர் இல்லாத ஊர்கள்தான் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தும் அரண்மனை கட்டாத நகரங்கள், எல்லா வீடும் ஒரே அளவான தெருக்கள், எல்லோரையும் ஒரேமாதிரிப் புதைத்த இடுகாடுகள். வேட்டை நாட்களில் ஃப்ளாஸ்கைத் திறந்துவைத்துக்கொண்டு இவற்றைப் பற்றிக் கதைப்பார். குரல் உயராது. அடுத்த தெருவில் நேற்று நடந்த விஷயம்போலச் சொல்வார்.

“ஒரு ஊர். ஒருத்தன் மற்றவையின்ரை வீட்டைவிடப் பெரிய வீடு கட்டினான். பிறகு அவன்ரை பிள்ளையள் அதைவிடப் பெரிசாக் கட்டினாங்கள். முன்னுக்கு ஒரு முற்றம், முற்றத்திலை ஆக்களை வெட்டுறதுக்கு ஒரு கல்லு. ஒருநாள் சனம் வந்து எல்லாத்தையும் எரிச்சுப்போட்டுது. இது பெரிய விஷயம் இல்லை, எரிக்கிறது லேசு. பிறகு என்ன செய்தவை, சொல்லு?”

“கோயில் கட்டியிருப்பினம்” என்றார் சிறி.

“கட்டேல்லை. சிலை வைக்கேல்லை. அந்த முற்றத்திலை குப்பை கொட்டினவை. பரம்பரை பரம்பரையா அந்த இடத்திலை குப்பை. சுத்தி நிண்ட வீடு எல்லாம் ஒரே அளவு. இதுதான் மூளை.”

வேட்டையின் நடைமுறைகளையும் அவர் இப்படித்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தார். மிகப் பழைய வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் அம்புகளை மாற்றிக்கொள்வார்களாம். விலங்கு, எய்தவனுக்கல்ல, அம்புக்குரியவனுக்குச் சொந்தம். அதனால் சுடுகிறவர்கள் எல்லோரும் ஒரே அளவு ரவை போடும் துவக்குகளையே வாங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். ரவையின் அடியில் மை பூசி, காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, கையில் வந்ததை எடுத்துக்கொள்வோம். மரை விழுந்ததும், சுட்ட ரவையின் வெற்றுக்கோதைத் திருப்பிப் பார்ப்போம். யாருடைய நிறமோ அவன்தான் இறைச்சியைக் கூறு போடவேண்டும். ‘என்ரை மரை’ என்று சொல்ல ஒருவனுக்கும் வழியில்லை. கொம்பை அவர் மரம் அறுக்கும் வாளால் துண்டு துண்டாக அறுத்துவிடுவார், யாரும் சுவரில் மாட்டாதபடி.

கூறு போட்டபின் ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். இது வன்னியிலும் உண்டு. நோர்வேக் கிழவர்களும் தங்கள் தகப்பன் காலத்தில் அப்படித்தான் செய்ததாகச் சொன்னார்கள். இரண்டு தூரதேசத்துச் சனம் ஒன்றையொன்று கேளாமல் ஒரே வழக்கத்துக்கு வந்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

சட்டப்படி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேட்டைத் தலைவர் இருக்கவேண்டும். காகிதத்தில் சிறியின் பெயர் இருந்தது. காட்டில் அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. ரேடியோவில் யார் எதைச் சொன்னாலும் அது ஆலோசனை மட்டுமே. கேட்பதும் விடுவதும் கேட்பவன் இஷ்டம்.

ஒருமுறை தமிழ் மண்டபம் ஒன்றில் ஆண்டு விழா. முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்த சோபாக்கள், பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள். அவர் எழுந்து போய், முன்வரிசை நடுச் சோபாவைப் பின்னாலிருந்து கவிழ்த்துவிட்டார். அதில் இருந்தவர் ஸ்தவாங்கரிலிருந்து பிரதம விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற வைத்தியர். எழுபது வயதைத் தாண்டியவர், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவர். விழுந்ததில் வைத்தியரின் மணிக்கட்டு முறிந்தது. தடுக்க வந்த தொண்டர் ஒருவரின் மூக்கும் உடைந்தது. காவல்துறை வந்து கூட்டிப்போகும்போது அவர் வைத்தியரைப் பார்த்து, “உன்னிலை எனக்குக் கோபம் இல்லை. கதிரையிலைதான்” என்றார். வைத்தியர் வலியில் அழுதுகொண்டிருந்தார்.

இல்லாத இரண்டு விரல்களைப் பற்றி அவர் கதைத்ததில்லை. சிறிதான் சொன்னார். இளம்வயதில் அவர் ஓர் இயக்கத்தின் முகாமில் இருந்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரு சட்டியில் சமையல், பொறுப்பாளருக்கு வேறு சட்டி. ‘பொறுப்பாளருக்கு ஏன் வேறை சட்டி?’ என்று அவர் கேட்டிருக்கிறார். முழங்காலில் இருத்தி, கையைக் கல்லில் வைக்கச் சொல்லி, துவக்குப் பிடியால் இடித்திருக்கிறார்கள். இடித்தது பொறுப்பாளர் அல்ல. அவரோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள்.

நூதனசாலையில் கோடரி வெட்டு விழுந்த ஒரு பழைய மண்டையோடு உண்டு. என்னை ஒருநாள் அங்கே கூட்டிப்போனார். கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பக்கத்தில் வைத்திருந்த பழைய கப்பலையும் தங்கத்தையும் பார்க்கச் சனம் தள்ளுப்பட்டது. “இது மேலையிருந்து விழுந்த வெட்டோ, கீழையிருந்து எழும்பின வெட்டோ? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாங்கள்” என்றார். அவருக்கு உலகத்தில் இரண்டு வகை வெட்டுத்தான் இருந்தது.

ரூபன் அறை வாங்கிய பிறகும் குழுவில் தொடர்ந்தான். போட்டோ எடுப்பதை விட்டான். கூடுதலாக ஒரு சொல் பேசமாட்டான். குறி தப்பமாட்டான். காற்று எந்தப் பக்கம் திரும்பும், மரை எந்தச் சதுப்பைக் கடக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மெல்ல மெல்ல எல்லோரும் அவனிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவன் “எனக்குத் தெரியாது, நீ என்ன நினைக்கிறாய்?” என்றுதான் பதில் சொல்வான். அவரை உறங்கவிடாமல் செய்தது அதுதான்.

“பீத்துறவனை அடிச்சுத் திருத்தலாம்” என்று என்னிடம் சொன்னார். “உவன் பீத்துறான் இல்லை. உப்பிடியான ஒருத்தன்தான் பெரியாளா வாறவன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கப்போறியள்.”

அதன்பிறகு ரூபனின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குத்தல். அவன் காட்டிய இடத்தில் யாராவது நின்றால், நின்றவருக்கு வசை. ஜெயம் ஒருநாள் “ரூபன் சொன்னா சரியாத்தான் இருக்கும் மனே” என்றதற்கு, இரண்டு குற்றத்துக்கும் சேர்த்து அடி விழுந்தது. காது சில நாள் கேட்கவில்லை என்றார் ஜெயம்.

கடைசி வேட்டையன்று நானும் அவரும் விரட்டினோம். எங்களுக்கு இடையில் கூப்பிடு தூரம். மரங்களுக்கூடாக அவருடைய செம்மஞ்சள் தொப்பி தெரிந்தது. ரேடியோவில் ரூபனின் குரல் நோர்வே மொழியில் தொடங்கித் தமிழுக்கு மாறியது.

“வென்ட், வென்ட்! பொறுங்கோ. விரட்டுற ஆக்கள் நில்லுங்கோ, ஒருத்தரும் சுடவேண்டாம். மரை உங்களுக்கும் எங்களுக்கும் நடுவிலை நிக்குது.”

நான் நின்றேன். அவர் ரேடியோவை எடுத்தார்.

“ஆர் கதைக்கிறது?”

“ரூபன்.”

“நீ ஆரடா என்னை நிப்பாட்ட?”

அவர் நேரே நடந்தார். அந்தப் பக்கத்தில் ஜெயமும் ரூபனின் சொல்லை, எங்கள் வழக்கப்படி, ஆலோசனையாகவே எடுத்துக்கொண்டார். சுட்டார். ரவை மரையின் வயிற்றைக் கிழித்து வெளியே வந்து, எதிரே நடந்து வந்த அவருடைய தலைக்குப் பக்கத்தில் ஒரு பேர்ச் மரத்தில் ஏறியது. மரப்பட்டை தெறித்து அவருடைய நெற்றியைப் பிளந்தது. மரை குடலை இழுத்துக்கொண்டு ஓடியது. இரத்தத்தின் வழியே பின்தொடர்ந்து, சதுப்பு ஒன்றில் கழுத்தளவில் புதைந்து அலறிக்கொண்டிருந்த அதைக் கண்டுபிடிக்கப் பின்னேரமாகிவிட்டது. ரூபன் கிட்டப் போய்க் காதுக்குப் பின்னால் சுட்டான். திரும்பி அவரிடம் மெல்லச் சொன்னான்:

“நீ நிண்டிருக்கலாம்.”

அவர் துவக்கைத் திருப்பிப் பிடித்து, பிடியால் அவன் வாயில் அடித்தார். இரண்டு பற்கள் சேற்றில் விழுந்தன. ரூபன் முழங்காலில் இருந்துவிட்டான். வாயைப் பொத்திய விரல்களுக்கிடையால் இரத்தம் ஒழுகியது. அவருடைய நெற்றியிலிருந்தும் ஒழுகியது. தான் சுட்ட ரவையின் வெற்றுக்கோதை ஜெயம் திருப்பிப் பார்த்தார். பச்சை. பச்சை ஜெயத்தின் நிறமல்ல, அவருடையது. அவரைக் கொன்றிருக்கக்கூடியது அவருடைய சொந்த ரவை.

இறைச்சியைச் சில நாள் தொங்கவிட்டுத்தான் வெட்டவேண்டும். அந்தச் சில நாட்களில் நாங்கள் ஆறு பேரும் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு தேநீர்க்கடையில் கூடிக் கதைத்தோம். சனிக்கிழமை மத்தியானம் சிறியின் வாகனக் கொட்டிலில் சந்தித்தோம். ரவைக்குரியவர் என்பதால் அவர் மேசையில் கூறு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கூறிலும் எலும்பும் தசையும் கொழுப்பும் ஒரே அளவு. இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“கத்தியை வை” என்றார் சிறி.

“இன்னும் ரண்டு கூறு கிடக்கு.”

“வை. கதைக்கவேணும். இஞ்சை ஒரு பெரியாள் வரப்போறான் எண்டு நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். வந்திட்டான். அது ரூபன் இல்லை. நீ.”

“பகிடியோ?”

“பகிடி இல்ல மனே” என்றார் ஜெயம். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கையும் எழவில்லை.

“நான் ஆருக்குக் கட்டளை போட்டனான்? ஒரு துண்டு இறைச்சி கூட எடுத்தனானோ?”

“எடுக்கேல்லை” என்றார் சிறி. “ஆனா நீ உள்ளுக்கை வந்தா நாங்கள் சிரிக்கிறதை நிப்பாட்டுறம்.”

அவர் ஒவ்வொருவரையும் பார்த்தார். சாட்சி விசாரிப்பவர் போல ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்: “நீயும் எனக்குப் பயமோ?” ஓம் என்றார் ஜெயம். மற்ற இருவரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன். ரூபன் தலையை மட்டும் ஆட்டினான். தையல் போட்ட உதட்டால் பேசுவது கஷ்டம்.

“ஏன் முந்தியே சொல்லேல்லை?”

“பயத்திலைதான்” என்றார் சிறி. “நீ இனி வரவேண்டாம். அவ்வளவுதான்.”

அவர் கத்தியைத் துணியில் துடைத்து மேசையில் வைத்தார். வாதாடுவார் என்று நினைத்தேன். வாதாடவில்லை.

“அவ்வளவு போதாது. போகச் சொன்னாப் போவன். பிறகு அடுத்த வருசம் வந்து கதவைத் தட்டுவன். பாவம் எண்டு திறப்பியள். எனக்கு உங்களைத் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றி இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். சுவரோடு முதுகை வைத்து நின்றார். “வாங்கோ. எல்லாரும்.”

ஒருவரும் அசையவில்லை. அவர் சிறியின் முகத்தில் காறித் துப்பினார். சிறி அடித்தார். பிறகு ஜெயம், அவருக்குள் அவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது. முதல் அடியில் விலா ஒன்று முறிந்த சத்தம் கேட்டது, ஜெயம் நிறுத்தவில்லை. மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். நான் அடித்தது வயிற்றில். அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. விழுந்தபோதெல்லாம் இறைச்சி தொங்கவிடும் கொளுக்கியைப் பிடித்து எழுந்தார். சீமெந்துத் தரையில் மரையின் இரத்தமும் அவருடைய இரத்தமும் ஒன்றாகக் கிடந்தன.

“ரூபன்” என்றார். ஒரு கண் மூடிவிட்டது. “நீ மட்டும் மிச்சம்.”

“நான் அடிக்கமாட்டன்.”

“அடி.”

“மாட்டன். நான் உன்னைப்போல இல்லை.”

அவருடைய முகத்தில் நான் பயத்தைக் கண்டது அப்போதுதான். அத்தனை அடிக்கும் வராத பயம்.

“அப்பிடிச் சொல்லாதை. டேய், இவங்கள் எல்லாற்றை கையிலையும் இரத்தம். உன்ரை கை மட்டும் கழுவின மாதிரி இருந்தா, நாளைக்கு இவங்கள் உன்ரை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிப்பாங்கள். அடி. கும்பிட்டுக் கேக்கிறன். மெல்லமா எண்டாலும் அடி.”

ரூபன் தன் கூறைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அவர் சுவரோடு சறுக்கித் தரையில் இருந்தார். அழுதார்.

மரை உதைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாராம். அந்தக் குளிர்காலத்திலேயே துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டார். அங்கே யாருடனும் சேருவதில்லை என்று கேள்வி.

அடுத்த செப்டம்பரில் நாங்கள் ஆறு பேரும் காட்டின் ஓரத்தில் கார்களை நிறுத்தினோம். முந்தின இரவு மழை பெய்திருந்தது. ரூபன் வரத் தாமதமானது. ஒருவரும் துவக்கை உறையிலிருந்து எடுக்கவில்லை. கோப்பியைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றோம். அவன் காரைவிட்டு இறங்கியதும் பேச்சு நின்றது.

“எங்கை நிக்கட்டும்?” என்று கேட்டார் சிறி.

“எனக்கென்ன தெரியும்? நீங்கள் என்ன நினைக்கிறியள்?” என்றான் ரூபன்.

ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. அவன் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தான். நாங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவன் கையைத் தூக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைக் காட்டினான். போய் நின்றோம்.